வரவேற்பறைக்குள் வந்த விளையாட்டு

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் பிள்ளைகளின் முகம் மலர்வதும் பெற்றோரின் முகம் சுருங்குவதும் நம் இல்லங்களில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. தொலைக்காட்சியின் அருகே அமர்ந்து, கையிற் பிடிக்கும் விசைக்கருவியினால் இயங்கும் அப்பெட்டியைக் ‘கொன்சோல்’ என்பர். பிள்ளைகள் அதனை நன்கு இயக்குவர். ஆயினும் அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குகின்றது என்று பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெற்றோர் அதன் விலையை நன்கு அறிவர். ஆயினும் மூடிய கதவுக்குப் பின்னால் அது பிள்ளையுடன் என்ன பேசுகின்றது என்பதை அறியார். இவ்விரு பகுதியினருக்கும் இடையே ஒரு சிறு பாலம் அமைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாயகத்தில் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான். இவ்விளையாட்டுகளைப் பற்றி நம் பள்ளியின் இடைவேளைகளில் மாணவர்களிடமே பாடம் கேட்டேன். கேட்கக் கேட்க ஆர்வம் மிகுந்து, நூல்களையும் தேடிப் படித்தேன். இன்று சிலவற்றை விரும்பி விளையாடுபவனாகவும் ஆகிவிட்டேன் என்பதை இங்கே கூறிவிடுவது முறை.

ஓர் அகதிச் சிறுவனின் எண்ணம்

வீட்டு வீடியோ விளையாட்டின் தந்தை எனப் போற்றப்படுபவர் ரால்ஃப் பேயர். 1922 ஆம் ஆண்டு, நாம் இன்று வாழும் இந்த ஜேர்மனி நாட்டிலேயே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சியில், யூதன் என்ற ஒரே காரணத்தினால் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கப்பட்டார். 1938 நவம்பரில் இந்நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன; கடைகள் நொறுக்கப்பட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அவருடைய குடும்பம் நியூயோர்க் நகருக்குத் தப்பிச் சென்றது.

புதிய நாட்டில் அவர் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். வானொலி திருத்தும் தொழிலை அஞ்சல்வழிக் கல்வியாகக் கற்பிக்கும் விளம்பரம் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. வேலை செய்துகொண்டே படித்து, 1940 இல் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் பணியாற்றித் திரும்பிய பின், சிக்காகோவில் தொலைக்காட்சிப் பொறியியல் பயின்று 1949 இல் பட்டம் பெற்றார். பகலில் உணவகத்திலும் இரவில் மொழி வகுப்பிலுமாக வாழ்வைத் தொடங்கிய நம் பெற்றோர் பலருக்கு இக்கதை அந்நியமாக இராது.

1966 ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், நியூயோர்க்கில் ஒரு பேருந்து நிலையத்தின் வெளியே சக ஊழியர் ஒருவருக்காக அவர் காத்திருந்தார். அமெரிக்க இல்லங்களில் கோடிக்கணக்கான தொலைக்காட்சிப் பெட்டிகள் இருக்கின்றன; அவற்றைக் கொண்டு மக்கள் செய்யக்கூடியதோ பார்ப்பதும் அணைப்பதும் மட்டுமே. அப்பெட்டியுடன் மனிதன் விளையாட முடிந்தால் என்ன? இவ்வெண்ணத்தைக் குறித்துக்கொண்டு, செப்டெம்பர் 1 ஆம் திகதி நான்கு பக்கங்களில் விரித்து எழுதினார். அப்போது அவர் பணியாற்றிய நிறுவனம் படைத்துறைக்கான மின்னணுக் கருவிகளை ஆக்குவது. அங்கேயே பில் ஹரிசன், பில் றஷ் என்னும் இருவரின் துணையுடன் மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தார். இறுதி மாதிரிக்கு மரத்தைப் போன்ற பழுப்புநிறத் தாள் ஒட்டப்பட்டிருந்தமையால் அது ‘பழுப்புப் பெட்டி’ எனப் பெயர் பெற்றது. 1972 இல் மக்னவொக்ஸ் நிறுவனம் அதனை ‘ஒடிசி’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. உலகின் முதலாவது வீட்டுக் கொன்சோல் அதுவே.

புள்ளி நகர்ந்தது எப்படி?

ஒடிசியில் இன்றைய கணனிகளின் மூளையாகிய நுண்செயலி இல்லை. ஏறக்குறைய 40 டிரான்சிஸ்டர்களும் 40 டயோட்டுகளும் மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டு திரையில் ஒரு புள்ளியை எவ்வாறு நகர்த்தினார்கள்? மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடிக் குழாயினுள் ஓர் இலத்திரன் கற்றை, நாம் கொப்பியில் எழுதுவதுபோலவே, இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதும். வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தாவும். அமெரிக்க முறையில் ஒரு படத்திற்கு 525 வரிகள். ஒரு விநாடிக்கு 30 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 15,750 வரிகள்.

இப்போது ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வேகத்தில் எழுதிச் செல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் தொடங்கிச் சரியாக இரண்டு விநாடி கழிந்ததும் ஒரு புள்ளி வையுங்கள். பக்கம் முடியும்போது புள்ளிகள் யாவும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு செங்குத்துக் கோடாக நிற்கும். எல்லா வரிகளிலும் வைக்காமல், பத்தாம் வரி முதல் பதினைந்தாம் வரி வரை மட்டும் வைத்தால் அது ஒரு சிறு துண்டாகிவிடும். இரண்டு விநாடியை மூன்றாக்கினால் அத்துண்டு வலப்புறம் நகரும். பேயர் செய்ததும் இதுவே. கைக்கருவியின் திருகியைத் திருப்பும்போது மாறுவது அந்தக் காத்திருக்கும் நேரமே. அது மாற, ஒளிப்பொட்டு திரையில் நகர்கின்றது. பந்தின் பொட்டும் மட்டையின் பொட்டும் ஒரே கணத்தில் ஒளிர்ந்தால் அவை மோதிவிட்டன என்று பொருள். உடனே பந்தின் திசையை மின்சுற்று மாற்றிவிடும். காலத்தை அளந்து இடத்தை ஆக்கிய இந்நுட்பத்தை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது.

ஒடிசிக்கு ஒலியும் இல்லை, வண்ணமும் இல்லை. திரையின் மேல் ஒட்டுவதற்கு வண்ணம் தீட்டிய மென்தகடுகள் தரப்பட்டன. தாயக்கட்டை, சீட்டுகள், போலிப் பணம் ஆகியனவும் பெட்டியினுள் இருந்தன. எஞ்சியதைப் பிள்ளைகளின் கற்பனை நிரப்பியது. தென்னோலையைச் சுழற்றிக் காற்றாடி செய்தும் சிரட்டையில் மண்சோறு ஆக்கியும் விளையாடிய தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய மூன்றரை இலட்சம் ஒடிசிகள் விற்பனையாகின. அதே 1972 இல் அற்றாரி நிறுவனம் ‘பொங்’ என்னும் மேசைப்பந்து விளையாட்டை வெளியிட, உலகமே இப்புதுமையின் பக்கம் திரும்பியது.

பேயருக்கு ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தொழினுட்பப் பதக்கம் 2006 இல் வெள்ளை மாளிகையில் வழங்கப்பட்டது. 2014 இல் தமது 92 ஆவது வயதில் அவர் காலமானார். அவரை வெளியேற்றிய இதே நாட்டில், கொலோன் நகரில், 2009 முதல் ஆண்டுதோறும் ‘கேம்ஸ்கொம்’ என்னும் மாபெரும் வீடியோ விளையாட்டுக் கண்காட்சி நடைபெறுகின்றது. நம் மாணவர்கள் அங்கு செல்ல நேர்ந்தால், பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட அந்தச் சிறுவனை ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

ஒரு பெட்டியில் ஒரு சில விளையாட்டுகள் மட்டுமே என்ற நிலை 1976 இல் மாறியது. ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளரின் தலைமையில் உருவான ‘செனல் எஃப்’ என்னும் கொன்சோலில், விளையாட்டு தனியொரு பேழையில் அடங்கியிருந்தது. பேழையை மாற்றினால் விளையாட்டும் மாறும். மறு ஆண்டு அற்றாரி வெளியிட்ட கொன்சோல் இம்முறையைப் பின்பற்றி வீடுதோறும் புகுந்தது.

பணம் பெருகவே அவசரமும் பெருகியது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளிற் குவிந்தன. புகழ்பெற்ற ஒரு திரைப்படத்தைத் தழுவி 1982 நத்தாருக்காகச் சில வாரங்களிலேயே ஆக்கப்பட்ட ‘ஈ.ரீ.’ என்னும் விளையாட்டு இதற்குச் சான்றாக இன்றும் கூறப்படுகின்றது. 1983 இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்பனையாகாத பேழைகள் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் குப்பைமேடொன்றிற் புதைக்கப்பட்டன. 2014 இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள்.

எழுச்சி யப்பானிலிருந்து வந்தது. நின்ரெண்டோ நிறுவனம் 1889 இல் கியோற்றோ நகரில் சீட்டுக்கட்டு செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. ‘ஹனஃபுடா’ என்னும் அச்சீட்டுக்கட்டில் 48 சீட்டுகள்; ஆண்டின் பன்னிரு மாதங்களுக்கும் ஒவ்வொரு மலர் அல்லது மரம், மாதத்திற்கு நான்கு சீட்டுகள். அந்நிறுவனம் 1983 இல் யப்பானில் ‘ஃபமிகொம்’ என்னும் கொன்சோலை வெளியிட்டது. 1985 முதல் அது வேறு பெயருடன் அமெரிக்காவுக்குச் சென்று, விழுந்த தொழிலைத் தூக்கி நிறுத்தியது.

அங்கு சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு 1965 இல் சேர்ந்தவர் குன்பெய் யொக்கோய். பொழுதுபோக்காக அவர் செய்த, நீண்டு பற்றும் கை ஒன்றை நிறுவனத் தலைவர் கண்டார், தண்டிக்கவில்லை, விளையாட்டுப் பொருளாக்கி விற்கச் சொன்னார். 1989 இல் வெளிவந்த ‘கேம் போய்’ யொக்கோயின் வழிகாட்டலில் உருவானது. போட்டிக் கருவிகள் வண்ணத்திரையுடன் வந்தபோது, கேம் போயின் திரையில் நான்கு சாயல்கள் மட்டுமே இருந்தன. ஆயினும் அது மலிவானது, உறுதியானது, மின்கலங்கள் நெடுநேரம் உழைத்தன. நன்கு பழகிய மலிவான தொழினுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்து என்பதே அவரது கொள்கை. பின்னர் வந்த அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

குறைவிலிருந்து பிறந்த நிறைவு

‘சுப்பர் மாரியோ’வை அறியாத பிள்ளை இல்லை. சிகெரு மியமோற்றோ 1981 இல் படைத்த அந்த மனிதனுக்கு ஏன் பெரிய மீசையும் தொப்பியும்? அக்காலத் திரையில் ஓர் உருவத்திற்குக் கிடைத்த புள்ளிகள் மிகச் சில. வாயை வரைய இடமில்லை, மீசை வைத்தார். காற்றில் அசையும் தலைமயிரை வரைய இயலவில்லை, தொப்பி வைத்தார். 1985 இல் வந்த ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைற்று இடத்துள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பன்மடங்கு பெரியது! இடத்தைச் சேமிப்பதற்காக வானத்து முகிலுக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே வடிவத்தையே பயன்படுத்தினர். நிறம் மட்டும் வேறு. அடுத்த முறை விளையாடும்போது உற்றுப் பாருங்கள்.

அதுபோன்றே ‘ரெற்றிஸ்’. 1984 இல் மொஸ்கோவில், அலெக்சி பஜித்னோவ் என்னும் கணனி ஆய்வாளர் உருவாக்கியது. நான்கு சதுரங்களைப் பக்கம் பொருந்த இணைத்தால் எத்தனை வடிவங்கள் கிடைக்கும்? சுழற்றிப் பார்ப்பதைப் புதிய வடிவமாகக் கொள்ளாவிடில் ஏழு. சதுரக்கோட்டுக் கொப்பியில் மாணவர்கள் தாமே வரைந்து பார்க்கலாம். அந்த ஏழே துண்டுகளை வைத்து உலகையே விளையாட வைத்தார். சோவியத் நாட்டில் அதன் உரிமை அரசிடம் இருந்தமையால், தம் படைப்புக்குரிய வருவாயை அவர் பெறத் தொடங்கியது 1996 இன் பின்னரே.

ஊரிற் கிளித்தட்டு விளையாடியவர்கள் எண்ணிப் பாருங்கள். மண்ணிற் கீறிய சில கோடுகள், மறிப்பவர்கள், நடுக்கோட்டில் ஓடும் ‘கிளி’, வேறொன்றும் தேவைப்படவில்லை. 1980 இல் யப்பானில் பிறந்த ‘பக்மன்’ விளையாட்டில் நான்கு பேய்கள் துரத்தும். ஒன்று பின்னாலேயே வரும். இன்னொன்று நாம் செல்லப்போகும் இடத்தை ஊகித்து முன்னே மறிக்கும். நன்றாகக் கிளித்தட்டு மறித்தவருக்கு இவ்வுபாயம் புதிதன்று. நல்ல விளையாட்டு எந்நாட்டிலும் ஒரே இயல்புடையது: விதி எளிது, வெல்வது அரிது.

முடிவில்லாத விளையாட்டு

இதன்பின் வந்த வளர்ச்சி வேகமானது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேஷன் 1994 இல் யப்பானில் வெளியாயிற்று. 2000 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 15 கோடிக்கு மேல் விற்பனையாகியது. 2001 இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் எக்ஸ்பொக்ஸுடன் களத்தில் இறங்கியது. நின்ரெண்டோவின் ‘ஸ்விச்’ 2017 இலும், ‘ஸ்விச் 2’ 2025 இலும் வந்தன.

இவற்றுள் பெற்றோர் அறிய வேண்டிய மாற்றம் ஒன்றுண்டு. அன்று பேழையை ஒருமுறை வாங்கினால் செலவு முடிந்தது. ஆட்டமும் ஓரிடத்தில் முடிந்தது. இன்றைய இணைய விளையாட்டுகளிற் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முடிவில்லை. நாள்தோறும் வந்தால் ஒரு பரிசு, இந்த வாரம் மட்டும் கிடைக்கும் ஓர் உடை, நண்பர்கள் காத்திருக்கின்றனர் என்ற அறிவிப்பு எனப் பிள்ளையை மீண்டும் மீண்டும் அழைக்கும் வகையில் அவை திட்டமிடப்பட்டுள்ளன. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளும் உண்டு. அதிர்ஷ்ட இலாபச் சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. இத்தகைய பெட்டிகள் சில சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என 2018 இல் பெல்ஜிய அரசின் ஆணையம் அறிவித்தது. பிள்ளைகளின் தனிவிபரங்களைச் சேகரித்தமை, விளையாடுவோரைத் தவறுதலாகப் பொருள் வாங்கச் செய்தமை என்னும் குற்றச்சாட்டுகளுக்காக, ‘ஃபோர்ட்நைற்’ விளையாட்டின் உரிமை நிறுவனம் மொத்தம் 52 கோடி டொலர் செலுத்த உடன்பட்டதாக 2022 இல் அமெரிக்க வணிக ஆணையம் அறிவித்தது.

ஆகவே, நேரம் போவது தெரியாமல் விளையாடும் பிள்ளையை மனவுறுதி அற்றவன் என்று ஏசுவது நியாயமன்று. பதினொரு வயதுப் பிள்ளை ஒரு பக்கம். அப்பிள்ளையை எழவிடாமல் வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர் கூட்டம் மறுபக்கம். அப்பிள்ளைக்குத் துணை தேவை.

அதேவேளை, விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் அல்லர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்று, 2022 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், ஏனைய யாவற்றிலும் மேலாக விளையாட்டையே கருதுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், வாழ்வைக் கடுமையாகப் பாதிக்கும் வகையில், பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தாலே அது கோளாறு எனப்படும்.

‘பங்கர்’ என்னும் ஒரு சொல்

சுடும் விளையாட்டுகளைப் பற்றிப் பேசாமல் விடலாகாது. அவ்வுலகில் குண்டடிபட்டவன் சில விநாடிகளில் மீண்டும் எழுகின்றான். விளையாட்டில் தான் ஒளிந்திருந்த இடத்தை ‘பங்கர்’ என்று ஒரு மாணவன் வகுப்பில் உற்சாகத்துடன் கூறினான். அவன் பிழையாக எதுவும் கூறவில்லை. ஆனால் அதே சொல்லைக் கேட்கும் அவன் பெற்றோருக்கு ஈரமண்ணின் மணமும், தலைக்குமேல் கூவிச் செல்லும் எறிகணையின் ஒலியும், எழாமற்போனவர்களின் முகங்களும் நினைவுக்கு வரும். ஒரே வீட்டில், ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதிகள்!

இதனைக் கோபத்தினால் தீர்க்க முடியாது. “நிப்பாட்டு அதை” என்று அதட்டினால், அப்பா ஏன் கதவடியில் நின்று நடுங்குகின்றார் என்பது பிள்ளைக்கு ஒருபோதும் விளங்காது. வயதுக்கேற்ற அளவில், அமைதியாக, தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். நம் வாழ்வில் நடந்ததை அவர்கள் கேட்க வேண்டியது நம் வாயிலிருந்தே. கேட்ட பின்னர் தாமாகவே ஒரு விளையாட்டை ஒதுக்கி வைத்த பிள்ளைகளையும் அறிவேன். தொடர்ந்து விளையாடும் பிள்ளைகளையும் அறிவேன். இரு சாராருக்கும் இப்போது அச்சொல்லின் இரு பொருளும் தெரியும்.

செய்யத்தக்கன

முதலாவது, அட்டையைப் பாருங்கள். ஜேர்மனியிற் கடைகளில் விற்கப்படும் விளையாட்டுகளில் யூ.எஸ்.கே. என்னும் அமைப்பின் வயதுக் குறி உண்டு. வெள்ளை எல்லாருக்கும் உரியது. மஞ்சள் 6, பச்சை 12, நீலம் 16, சிவப்பு 18 வயதிலிருந்து. இது விளையாட்டின் கடினத்தைக் குறிப்பதன்று. பிள்ளையின் மனத்திற்கு ஊறு நேராத வயதைக் குறிப்பது. 2023 முதல் பரிசுப் பெட்டி போன்றவையும் மதிப்பீட்டிற் கவனிக்கப்படுகின்றன. நம் மொழிப் பிரச்சினையைக் காரணம் காட்டி, “இதில ஒண்டும் இல்லை அம்மா” என்ற பிள்ளையின் மொழிபெயர்ப்பை நம்பிவிட வேண்டாம். நிறத்துக்கு மொழி தேவையில்லை.

இரண்டாவது, வங்கி அட்டையின் இலக்கத்தைக் கொன்சோலிற் பதிந்து வைக்காதீர்கள். பெற்றோருக்கான கட்டுப்பாட்டு அமைப்பு அதிலேயே உண்டு. நேரத்தையும் செலவையும் வரையறுக்கலாம். அதனைப் பிள்ளையுடன் கூடியிருந்து, பேசி முடிவெடுத்துச் செய்யுங்கள்.

மூன்றாவது, அருகே அமருங்கள். ஒரு கைக்கருவியை நீங்களும் எடுங்கள். தோற்றுப்போங்கள், பிள்ளைகளுக்கு அது பேரானந்தம். 2006 இல் வந்த ‘வீ’ என்னும் கொன்சோலில் கையை வீசியே பந்து உருட்டலாம் என்பதால் பாட்டன் பாட்டிமாரும் விளையாடினர்.

நான்காவது, தமிழில் விளையாடுங்கள். கைக்கருவியின் ஒவ்வொரு பொத்தானும் ஓர் ஏவல் வினை என்பதை நம் வகுப்பில் கண்டுகொண்டோம். ஓடு, பாய், குனி, எறி, பிடி, ஒளி, திரும்பு. ஒரு மாணவி விளையாட, மற்றொருவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க, நடப்பதை அவள் தமிழில் நேர்முக வருணனையாகக் கூற வேண்டும். ‘பாய்கிறான், பாய்ந்தான், பாய்வான்’ என்னும் முக்காலமும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. வினைத்திரிபு அட்டவணையைப் பார்த்துக் கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள்! பெற்றோரும் வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம்: “எனக்கு விளங்கேல்லை, தமிழில விளங்கப்படுத்து” என்று கேட்டாலே போதும். சொல்லித்தரும் இடத்தில் பிள்ளை அமரும். கேட்கும் இடத்தில் நாம் அமருவோம். மொழி வளர்வது இத்தகைய இடங்களிலேதான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையிலுள்ள கருவி, காத்திருந்த வேளையில் சிந்தித்த ஓர் அகதியினதும், இயந்திரம் துடைத்த ஒரு தொழிலாளியினதும், ஏழு துண்டுகளை வைத்துக் கணக்குப் பார்த்த ஓர் ஆய்வாளரினதும் உழைப்பிலிருந்து வந்தது. விளையாடுங்கள், அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்றும் கேளுங்கள், எழவேண்டிய நேரத்தில் எழுந்துவிடுங்கள். உங்களுள் ஒருவர் நாளை ஒரு விளையாட்டைப் படைத்து, அதன் முதற்பக்கத்தில் மொழியைத் தெரிவுசெய்யும் பட்டியலில் ‘தமிழ்’ என்ற சொல்லையும் சேர்ப்பாராயின், இப்பள்ளியின் சனிக்கிழமைகள் யாவும் பயன்பெற்றனவாகும்.